பேட்டிங் டீம் அம்பயர்

ஜூன் 1, திங்கள்

ஐஸ் கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஐந்து மாதமாக என் மனைவி எப்சி இதன் மேல்தான் இஸ்திரிப் பெட்டியை வைத்து வந்தாள். அட்டையில் ஒரு முக்கோணம் பழுத்துப் போயிருக்கிறது. இன்று முதல் இது என் டைரி. வேறு காரணம் ஒன்றுமில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் கிரிக்கெட் லீக் தொடங்குகிறது.

இரண்டாம் டிவிஷன், ஆறு அணிகள். கோரல் ஷிப்பிங், உப்பாற்று ஓடை, வடக்குத்தெரு லெவன், கேம்ப் ஒன், பாலிடெக்னிக் பழைய மாணவர்கள், பிறகு நாங்கள், மாலை நட்சத்திரம் கிளப். பெயர் வைத்த பெரியவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். எட்டிப் பார்த்த வேகத்தில் மறைந்துவிடுகிற நட்சத்திரம் அது. ஒன்பது வருடமாக நான் கேப்டன். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூடப் பட்டியலில் முதலிடத்தில் இருந்ததில்லை.

இந்த வருடம் ஜோயல் இருக்கிறான். எப்சியின் தம்பி. பி.காம். முடித்துவிட்டு எங்கள் வீட்டில் தங்கி, செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அவன் பேட்டிங்கைப் பார்த்துவிட்டு கோரல் அணி கேப்டன் மெல்டன், தன் ஆபீஸிலேயே ஓர் இடம் காலியாகப் போகிறது, மேனேஜரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று ஈஸ்டர் சமயத்தில் சொன்னார். எப்சி அன்றிலிருந்து ஜெபத்தில் கோரல் ஷிப்பிங் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

ஜூன் 7, ஞாயிறு

முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. அதிகாலை ஆராதனைக்கு மூன்று பேரும் போய் நற்கருணை எடுத்துவிட்டு, நானும் ஜோயலும் அப்படியே மைதானம். வேட்டியை பைக்கின் மேலேயே அவிழ்த்து பேண்ட் மாட்டிக்கொண்டேன். உள்ளே அரைக்கால் டிரவுசர் இருந்தது, யாரும் பயப்பட வேண்டாம்.

பிட்ச்சில் விரிக்கிற கயிற்றுப் பாயை இழுத்து ஆணி அடிப்பதற்குள் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கிவிட்டது. காற்று அப்படி. செம்மண் வாய்க்குள் நறநறவென்கிறது. வடக்குத்தெரு லெவனை ஜெயித்தோம். ஜோயல் 44.

ஜூன் 8, திங்கள்

செயலாளர் வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டார். நாங்கள், கோரல், உப்பாற்று ஓடை, தலைக்கு இரண்டு புள்ளி. ரன் ரேட்டில் நாங்கள் மூன்றாவது. கம்பெனியில் ஐஸ் அரைக்கும் மெஷின் மறுபடி மக்கர்.

ஜூன் 14, ஞாயிறு

கோரலை ஜெயித்துவிட்டோம். இன்னொரு முறை எழுதினால்தான் நம்பிக்கை வரும் போலிருக்கிறது. கோரலை ஜெயித்துவிட்டோம்.

லீக் அனுப்பும் அம்பயருக்கு இன்று ஏதோ கல்யாண வீடு. ஆள் வரவில்லை. அம்பயர் வராவிட்டால் எங்கள் லீக்கில் பேட்டிங் செய்கிற அணியின் ஆட்களே அம்பயரின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எழுதாத சட்டம் இரண்டு உண்டு. சொந்த ஆள் அம்பயராக நிற்கிறபோது எல்பிடபிள்யூ கேட்கக் கூடாது. அதற்குப் பதிலாக, பேட்டில் பந்து பட்டு கீப்பர் பிடித்தால் பேட்ஸ்மேன் அம்பயரைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் தானே நடந்துவிட வேண்டும். தொட்டா நட, அவ்வளவுதான். பலசரக்குக் கடைக்காரரும் துறைமுகத் தொழிலாளியும் இன்றுவரை அதைக் காப்பாற்றி வருகிறார்கள்.

கோரல் 148. நான் வழக்கம்போல முதலிலேயே அவுட்டாகி வந்து கோட்டை மாட்டிக்கொண்டேன். நான்கு விக்கெட் போயிருந்தது. ஜோயல் 22-ல் இருந்தபோது ஒரு பந்து வெளியே போனது, கீப்பர் பிடித்தான், எல்லோரும் குதித்தார்கள். ஒரு சத்தம் கேட்டது என்பது உண்மை. இந்த மாதக் காற்றில் எதுதான் சத்தம் போடாது? பாய் படபடக்கிறது, ஆணி கிணுகிணுக்கிறது, என் கோட்டே பாய்மரம் மாதிரி அடிக்கிறது. ஜோயல் கிளவுஸைச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்றான். நான் நாட் அவுட் என்றேன்.

மெல்டன் என்னிடம் வந்தார். சண்டைக்கு இல்லை.

"ஸ்டான்லி சார், நீங்க சொன்னா சரிதான்," என்றார். அதைச் சொல்லிவிட்டு ஜோயலைத்தான் ஒரு பார்வை பார்த்தார்.

ஜோயல் கடைசிவரை நின்று 71. வெற்றி. பையன்கள் என்னைத் தூக்கப் பார்த்தார்கள், இடுப்புப் பிடிப்பு என்று தப்பித்தேன்.

ஜூன் 15, திங்கள்

மாலை நட்சத்திரம், 4 புள்ளி, முதலிடம். மற்ற நான்கு அணிகள் தலைக்கு இரண்டு, வடக்குத்தெரு பூஜ்யம். இரண்டு ஆட்டத்துக்கே இப்படியா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். கம்பெனி முதலாளிகூட வாழ்த்துச் சொன்னார். வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் பட்டியல் படத்தை மூன்று தடவை திறந்து பார்த்தேன்.

காற்று நேற்று உண்மையிலேயே மோசம். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 16, செவ்வாய்

கேஸ் வந்தது. பழைய ரெகுலேட்டர் கசிகிறது, மாற்ற வேண்டும். ஜோயல் ராத்திரி சாப்பிட வரவில்லை, கடையில் பரோட்டா தின்றுவிட்டானாம்.

ஜூன் 18, வியாழன்

எப்சியும் மெல்டனின் மனைவியும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். இன்று மதியம் அந்த அம்மா, உங்க தம்பி தொட்டுட்டு நடக்கலையாமே என்று எல்லோரும் சாப்பிடுகிற இடத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார். எப்சிக்கு அவமானம் தாங்கவில்லை. சாயங்காலம் தோசை ஊற்றும்போது ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் முதல் தோசை எனக்கு, அடுத்தது ஜோயலுக்கு. கல்யாணமான நாளிலிருந்து முதல் தோசை எனக்குத்தான், அதில் ஒரு மாற்றமும் கிடையாது. இன்று எனக்கு மூன்று விழுந்த பிறகும் அவன் தட்டு காலியாக இருந்தது.

"தொட்டா நடக்கணும்னு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அத்தான் அங்க நிக்காங்கன்னு தைரியம் ஒனக்கு. அவங்க பேரையும்லா சேத்துக் கெடுத்துட்ட," என்றாள்.

ஜோயல் தட்டைப் பார்த்துக்கொண்டு, "சரிக்கா," என்றான்.

நான் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

ரெகுலேட்டர் மாற்றியாயிற்று.

ஜூன் 21, ஞாயிறு

பாலிடெக்னிக் பழைய மாணவர்களிடம் தோற்றோம். லீக் அம்பயர் வந்திருந்தார், நல்லவேளை.

ஜோயல் உள்ளே போனதும் ஸ்லிப்பில் நின்றவன், "தம்பி, தொட்டா வீட்டுக்குப் போற வழி தெரியுமா? சொல்லித் தரவா?" என்றானாம். ஓவருக்கு ஓவர் அதே பேச்சு. ஜோயல் 4 ரன்னில் போல்டு. திரும்பி வரும்போது அவர்கள் கைதட்டினார்கள், இந்தத் தடவை நடந்துட்டான் என்று. எங்கள் பையன்களில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் கேப்டன், அதட்டியிருக்கலாம். குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். லேஸ் அவிழ்ந்திருக்கவேயில்லை.

ஜூன் 22, திங்கள்

நாங்கள், கோரல், பாலிடெக்னிக், மூன்று பேருக்கும் 4 புள்ளி. மற்ற மூவருக்கும் இரண்டு. ரன் ரேட்டில் இன்னும் நாங்கள்தான் மேலே. கோரல் ஆட்டத்தில் ஜோயல் அடித்த ரன்தான் காப்பாற்றியது. இன்று அந்தப் படத்தை ஒரு தடவைதான் பார்த்தேன்.

ஜூன் 24, புதன்

கோரல் ஆபீஸ் இடத்துக்கு வேறு பையனை எடுக்கப் போகிறார்களாம். இன்னும் கையெழுத்தாகவில்லை, ஆனால் முடிந்த மாதிரிதான். மெல்டன் ஜோயல் பெயரை மேனேஜரிடம் சொல்லவேயில்லை. சொல்லாததோடு நிற்கவில்லை, ஜோயல் கொடுத்திருந்த விண்ணப்பத்தைப் பார்த்து மேனேஜரே கேட்டபோது, ஆட்டத்தில் நேர்மை இல்லாத பையன், கேஷ் புழங்குகிற இடம் வேண்டாம் என்றிருக்கிறார். இதையும் எப்சிதான் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டு வந்தாள். வந்தவள் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பதினான்காம் தேதி எழுதியதை இப்போது திருப்பிப் படித்தேன். ஜோயல் கிளவுஸைச் சரிசெய்துகொண்டு நின்றான் என்று எழுதியிருக்கிறேன். சரிசெய்யவில்லை. கழற்றினான். பட்டையைப் பிரித்து, பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கிரீஸிலிருந்து ஒரு காலை எடுத்து வைத்துவிட்டான்.

இவ்வளவு போதும் இன்றைக்கு. ஐஸ் கம்பெனியில் நாளை ஆய்வுக்கு வருகிறார்கள், சீக்கிரம் போக வேண்டும்.

ஜூன் 26, வெள்ளி

ஜோயலைத் தனியாகப் பிடித்தேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான். என்னப்பா, என் மேல கோபமா என்று கேட்டேன்.

"விடுங்க அத்தான். மேட்ச் முடிஞ்சு போச்சு," என்றான். என் வேட்டியை மடித்து என் கையிலேயே கொடுத்தான்.

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். உனக்காகத்தான் செய்தேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அது பொய். அந்த நேரம் ஜோயல் என் நினைப்பிலேயே இல்லை. இவன் போனால் தோற்றோம், திங்கட்கிழமை பட்டியலில் நாம் மேலே வர மாட்டோம் என்பதுதான் இருந்தது.

ஜூன் 28, ஞாயிறு

ஆட்டம் இல்லை. மைதானத்தில் கட்சிக் கூட்டத்துக்கு மேடை போட்டிருக்கிறார்கள். நான்காவது சுற்று தள்ளிப் போகிறது.

சும்மா இருந்ததால் எழுதிவிடுகிறேன். பந்து பட்டது. தெளிவாகப் பட்டது, காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீப்பர் பிடித்ததும் கோரல்காரர்கள் எல்லோரும் அவனைப் பார்த்து ஓடினார்கள். பந்து போட்டவனும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த ஒரு கணம் ஜோயலைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். அவன் கிளம்பிவிட்டான். நான் நெஞ்சுக்கு நேரே உள்ளங்கையைக் காட்டி, நில்லு என்றேன். வாயால் சொல்லவில்லை, கையால்தான். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. அவன் முகத்தில் முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு கிளவுஸை மறுபடி மாட்டினான். அதற்குள் எல்லோரும் திரும்பி என்னிடம் கேட்டார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, தொட்டுவிட்டு நிற்கிற ஒரு பையன்.

வெட்கமாக இருக்கிறது. நாற்பத்து நான்கு வயதில் ஒரு தப்பு செய்தேன் என்பதற்காக மட்டும் இல்லை. இரண்டு வாரமாக அந்தத் தப்பை அவன் தலையில் வைத்துவிட்டு, அவனுக்குப் போட வேண்டிய தோசையையும் தின்றுகொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இருக்கிறான், என் சோற்றைச் சாப்பிடுகிறான், அதனால் வாயைத் திறக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருக்கிறேன்.

ஜூன் 30, செவ்வாய்

மெல்டன் வீடு வழியாக இரண்டு தடவை பைக்கில் போனேன். அவர் வாசலில்தான் நின்றிருந்தார். கையைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 3, வெள்ளி

மெஷின் மக்கர்.

ஜூலை 5, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு, திருவிருந்து. நற்கருணை வாங்க எங்கள் வரிசை எழுந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. வயிறு சரியில்லை என்று எப்சியிடம் சொன்னேன். அவள் என் மேல் உரசாமல் முழங்காலைத் தாண்டிப் போனாள். ஜோயலும் தாண்டிப் போனான். பலிபீடத்தின் முன்னால் அவன் முழங்கால் போட்டிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். எழுந்து வர அவனுக்கு ரொம்ப நேரமானது.

ஆட்டம் உப்பாற்று ஓடையோடு. அம்பயர் வரவில்லை, பைக் பஞ்சராம். அவர்கள் முதலில் ஆடி 131. நாங்கள் பேட்டிங். ஜோயல் மூன்றாவது இறங்குகிறவன், தன் முறை வரும்வரை நிற்கலாமே என்று வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தான். உப்பாற்று ஓடை கேப்டன் சேர்மராஜ் ஓடி வந்து அவனை மறித்தார். பிறகு என்னிடம் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அந்தத் தம்பி வேண்டாம் சார். தப்பா நெனைக்காதீங்க, பையம்மாருக்கு நம்பிக்கை இல்ல. நீங்க நில்லுங்க. ஒங்கள நம்புதோம்," என்றார்.

ஜோயல் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். அவன் உடம்புச் சூடு அதில் இருந்தது. வேண்டாம், நான் நிற்க மாட்டேன் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. சொல்லவில்லை. என் பேட்டிங் முறையைப் பின்னால் தள்ளிவிட்டு, மாட்டிக்கொண்டு போய் நின்றேன். பொத்தான்கூடப் போட்டேன்.

ஜோயல் நன்றாக ஆடினான். 31-ல் இருந்தான். இன்னும் இருபது முப்பது ரன்தான் வேண்டும், கையில் ஐந்து விக்கெட். அப்போது வெளியே போன ஒரு பந்துக்கு பேட்டை நீட்டினான். பந்து அவன் தொடைப் பேடில் உரசிக்கொண்டு கீப்பரிடம் போனது. பேட்டுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு கை நுழையும், அவ்வளவு இடைவெளி. நேரெதிரே நின்று பார்த்தேன். கீப்பர் பாதி வாயோடு கேட்டான், அவனுக்கே நம்பிக்கை இல்லை. பந்து போட்டவன் கேட்கவே இல்லை.

ஜோயல் கிளவுஸைக் கழற்றினான். பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே நடந்தான். என் பக்கம் வந்தபோது நின்று, "பட்டுட்டு அத்தான்," என்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். படவில்லை என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

உப்பாற்று ஓடை முழுவதும் கைதட்டியது. ஸ்கொயர் லெக்கில் நின்ற சேர்மராஜ் அங்கிருந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேசித் திருத்திட்டீங்க சார், நல்லா வளத்திருக்கீங்க என்றார். நான் நன்றி என்றேன். ஆமாம், அதையும் சொன்னேன். இந்த ஜென்மத்தில் அதைவிடக் கேவலமான வார்த்தையை நான் சொன்னதில்லை.

அவன் போனதும் சரிந்தோம். ஒன்பது ரன்னில் தோல்வி. பையன்கள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொய்யைச் சொல்லித்தான் அந்தப் பிள்ளை இழந்த பெயரை வாங்க வேண்டியிருந்தது. அந்த நிலைக்கு அவனைக் கொண்டுவந்தது நான். பாயைச் சுருட்டுகிறபோது ஆணியால் கையைக் கிழித்துக்கொண்டேன், வலிக்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே மெல்டன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர்களும் இன்று வடக்குத்தெருவை ஜெயித்திருக்கிறார்கள், சந்தோஷமாக இருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அன்றைக்கு அவன் நடந்தான், நான்தான் நிறுத்தினேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி, அப்படியே மறுபடி காட்டினேன்.

மெல்டன் டியூப்பைக் கீழே போட்டுவிட்டார். தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு வாரமா அந்தப் பையன் பேர நாங்க இழுத்துட்டு இருக்கோம் சார்," என்றார். "நீங்க கேட்டுட்டேதான இருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

அவர் ரொம்ப நேரம் பைக்கைத் துடைத்தார். பிறகு, மேனேஜரிடம் நாளைக்கே சொல்கிறேன், சேர்மராஜுக்கும் மற்ற கேப்டன்களுக்கும் இப்போதே போன் போடுகிறேன் என்றார். இடம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"பேசிப் பாக்கேன். நான் சொன்னது ஆபீஸ் பூரா போயிட்டு. திரும்ப எடுக்க முடியுமான்னு தெரியல," என்றார். கிளம்பும்போது அவர் ஸ்டான்லி சார் என்று கூப்பிடவில்லை. பார்த்துப் போங்க என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் எப்சி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். வயிறு எப்படி இருக்கிறது, உங்களுக்கு மட்டும் கஞ்சி வைக்கவா என்று கேட்டாள். வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்றேன். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜோயல் உள்ளே தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு அத்தான் அங்க போனீய?" என்றான். கையிலிருந்த தட்டைக் கீழே வைக்காமலே கேட்டான்.

எப்சி என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. அழுவாள் என்று பார்த்தேன், அழவும் இல்லை. கல் காய்ந்ததும் மாவை ஊற்றினாள், எண்ணெய் விட்டாள், திருப்பிப் போட்டாள். நான் பழக்கதோஷத்தில் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தோசையை ஜோயல் தட்டில் போட்டாள். இரண்டாவதையும் அவனுக்கே போட்டாள். மூன்றாவதுக்கு அவன் போதும்க்கா என்று சொல்லியும் கேட்கவில்லை. நான் தட்டைப் பிடித்தபடி காத்திருந்தேன்.